என் நாற்காலிக்கு வருபவருக்கு நானே கற்றுக்கொடுக்க வேண்டுமாம். மறுத்தால் சொக்சோ பணம் கிடைக்குமா?

தராசுக் கிராணி (பகாவ்)

அனைவருக்கும் வணக்கம். பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். 18 ஆண்டுச் சேவை, சம்பளம் 2,500 வெள்ளி. செக்ரோல் (ஆள் வருகை, சம்பளப் பதிவேடு), நிறுவை மேடை, சொக்சோ (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), ஊழியர் சேமநிதிக் கணக்கு எல்லாம் என் மேசையில்தான் முடிகின்றன.

சென்ற மாதம் தலைமையகத்திலிருந்து ஓர் இளைஞரை அனுப்பினார்கள். "ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் இவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்" என்றார் மானேஜர். அதன் பிறகு எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "அதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். கடிதம் எதுவும் கிடையாது. இதே நிர்வாகத்தின் இன்னொரு தோட்டத்தில் இதே போல ஒருவர் வந்தார். அங்கிருந்த கிராணி இன்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த லாரியின் வெற்று எடை மழைக்காலத்தில் சேறு ஒட்டி எவ்வளவு ஏறும், எந்தக் குத்தகைக்காரர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து குலையோடு எடை போட்டுவிட்டு, வெறும் லாரியை நிறுத்தும் முன் குழாயைத் திறந்துவிடுவார் என்பதெல்லாம் அதில் உண்டு. இவற்றைக் கணினி சொல்லாது. இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

நான் மறுக்கப் போகிறேன். மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், சொக்சோவின் தொழில் காப்புறுதிப் பணம் கிடைக்குமா? 2018 முதல் மாதந்தோறும் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பிடித்து அனுப்புபவனும் நானேதான்.

முள்வேலி

மறுத்துவிடுங்கள் அண்ணே. 18 ஆண்டு உழைத்தவருக்கு இதுதான் மரியாதையா? கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தியையும் தீட்டிக் கொடுப்பார்களா? நாளைக்கே மேசையைப் பூட்டிவிட்டு வெளியே வாருங்கள். சொக்சோ பணம் உங்கள் பணம். கொடுக்காமல் எங்கே போவார்கள்?

பழைய சங்கத்துக்காரன்

முள்வேலித் தம்பி, உம் யோசனையைக் கேட்டால் கிராணிக்கு ஒரு காசும் மிஞ்சாது.

காப்புறுதி என்பது கட்டியவருக்கெல்லாம் திரும்பி வருகிற பணம் அன்று. அப்படித் திரும்பி வருவது சேமநிதி. 800ஆம் சட்டம், அதாவது 2017ஆம் ஆண்டின் தொழில் காப்புறுதித் திட்டச் சட்டம், எந்த வகையில் வேலை போனால் பணம் உண்டு, எந்த வகையில் போனால் இல்லை என்று பிரித்தே வைத்திருக்கிறது. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுவது, விருப்ப விலகல் திட்டம், தாங்க முடியாத நிலைக்குத் தள்ளி வெளியேற வைப்பது, பாலியல் தொல்லையால் விலகுவது ஆகியவற்றுக்கு உண்டு. தானாக ராஜினாமா செய்தால் இல்லை. வேலை ஒப்பந்தக் காலம் முடிந்தால் இல்லை. இரு தரப்பும் நிபந்தனையின்றி ஒத்துக்கொண்டு பிரிந்தால் இல்லை. பணி ஓய்வுக்கு இல்லை. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலும் இல்லை.

இந்தக் கடைசி வாசலில்தான் உங்களை நிறுத்தப் பார்க்கிறார்கள், அல்லது நீங்களே போய் நிற்கப் பார்க்கிறீர்கள். மேலதிகாரி இட்ட வேலையைச் செய்ய மாட்டேன் என்று வாயால் சொன்ன மறுநிமிடம் அது கீழ்ப்படியாமை. கீழ்ப்படியாமை ஒழுங்கீனக் கணக்கில் சேரும். நாளைக்கு மேசையைப் பூட்டிவிட்டு வந்தால், ஆட்குறைப்புக் கடிதம் கொடுக்க வேண்டியவர்கள் பணிநீக்கக் கடிதம் கொடுப்பார்கள். அவர்களுக்கு அதுதான் மலிவு.

கிள்ளான் மீனாள்

நான் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எதிர்த்தரப்பு மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயா சொன்னது சரி. எவ்வளவு மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

18 ஆண்டுச் சேவைக்கு முதலில் எட்டு வார முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம். அடுத்து, 1980ஆம் ஆண்டின் பணிமுடிப்புச் சலுகை ஒழுங்குமுறை. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். மாதம் 2,500 வெள்ளி என்றால் ஒரு நாளுக்கு 82 வெள்ளி சொச்சம். இருபதால் பெருக்கி, பதினெட்டால் பெருக்குங்கள். ஏறக்குறைய 29,500 வெள்ளி. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனால் இந்தச் சட்டச் சலுகை பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும்.

அதற்கு மேல்தான் காப்புறுதியின் வேலை தேடும் அலவன்ஸ். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. உங்கள் கணக்கில் 2,000, 1,250, 1,000, 1,000, 750, 750. மொத்தம் 6,750 வெள்ளி அளவில் வரும். விடாமல் சந்தா கட்டியிருப்பதால் ஆறு மாதமும் கிடைக்கும். சந்தா குறைந்தவர்களுக்கு மாதங்கள் குறையும்.

முறையான விசாரணைக்குப் பிறகு ஒழுங்கீனம் என்று நீக்கினால் முன்னறிவிப்பும் இல்லை, 20 நாள் கணக்கும் இல்லை, அலவன்ஸும் இல்லை. நீல நோட்டுப் புத்தகத்தின் விலை இப்போது தெரிகிறதா அண்ணே?

முள்வேலி

அதற்காகப் பயந்து பயந்து சாவதா? எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்ததால்தான் நம் ஆட்கள் இந்த நிலையில் இருக்கிறோம்.

பழைய சங்கத்துக்காரன்

பயம் வேறு, கணக்கு வேறு. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் முறை வந்தபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வெளியேறியதைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். அப்போது இந்தச் சட்டமும் இல்லை, இந்தக் காப்புறுதியும் இல்லை. இருக்கிற பிடியை நாமே ஏன் விட வேண்டும்?

போர்ட்டிக்சன் அக்கா

நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தார். இவரிடமும் ஓர் ஆளை அனுப்பிக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். கற்றுக்கொடுத்தார். முடிந்ததும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, மலாயில் தட்டச்சு செய்து வைத்த ஒரு தாளை நீட்டினார்கள். பெயர், அடையாள அட்டை எண், தேதி எல்லாம் அவர்களே நிரப்பியிருந்தார்கள். கையெழுத்து இடம் மட்டும் காலி. "கையெழுத்துப் போட்டால் இந்த மாதச் சம்பளத்தோடு இரண்டு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருகிறோம், பெயர் கெடாமல் போகலாம்" என்றார்கள். இவர் போட்டுவிட்டார்.

அந்தத் தாளில் இருந்தது, சொந்தக் காரணங்களுக்காக நானே விலகுகிறேன் என்ற வாசகம். சொக்சோ முகப்பில் இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, "இது ராஜினாமா, ஐயா" என்று மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. 15 ஆண்டு வேலைக்கு இரண்டு மாதச் சம்பளத்தோடு முடிந்தது.

அதனால் கிராணி தம்பி, கற்றுக்கொடுப்பதா வேண்டாமா என்பதை விட, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில் கண்ணாக இருங்கள்.

கிள்ளான் மீனாள்

அக்கா சொன்னது எங்கள் துறையில் அன்றாடம் நடக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடக்கிறது. அப்படி ஒரு தாளை நீட்டினால், "வீட்டில் படித்துப் பார்த்து நாளை சொல்கிறேன்" என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். யாரும் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்க முடியாது.

தற்காலிக ஊழியன்

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. நானும் ஒரு தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவன். கிராணி அண்ணனின் தோட்டம் அன்று, வேறு. ஆனால் கதை அதேதான். "சீனியர் கிராணியிடம் வேலை பழகு" என்று மட்டும் சொன்னார்கள். அவருடைய இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்பதை, ஒரு நாள் பசியாறும்போது கடைக்காரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று முழுக்க அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு ஓராண்டு ஒப்பந்தம். மேலே ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான், ஒப்பந்தம் முடிந்தால் எனக்குக் காப்புறுதிப் பணமும் கிடையாது என்று புரிகிறது.

தராசுக் கிராணி (பகாவ்)

தம்பி, உங்கள் மீது கோபம் இல்லை. எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிற பையனும் நல்ல பையன்தான். மதியச் சாப்பாட்டை எனக்கும் சேர்த்து வாங்கி வருகிறான். அதுதான் இன்னும் கடுப்பாக இருக்கிறது.

இணையப் புலி

அமெரிக்காவில் இதற்கெல்லாம் கடுமையான சட்டம் இருக்கிறதாமே? அங்கே மறுக்கலாம் என்று எங்கோ படித்தேன்.

கிள்ளான் மீனாள்

அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. அங்கும் நியாயமான கட்டளையை மறுப்பது ஒழுங்கீனமா என்பதில்தான் வழக்கு முட்டி நிற்கும். 2015இல் பெரிய செய்தியான ஒன்று உண்டு. புளோரிடாவின் டிஸ்னி நிறுவனத்தில் ஏறத்தாழ 250 கணினிப் பிரிவு ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் விசாவில் வந்த மாற்று ஆட்களுக்குப் போகும் முன் வேலை பழக்க வேண்டியிருந்தது. சிலர் போட்ட வழக்கு 2016இல் தள்ளுபடியானது. எனவே கடல் தாண்டி நம்பிக்கை வைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் அதைவிட மோசமில்லை.

குலை மண்டோர்

நடுவில் ஒரு கேள்வி. நான் அறுவடைக் கும்பலுக்கு மண்டோர், அதாவது மேற்பார்வையாளன். எங்கள் தோட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு மண்டோர் வேலையைப் பழக்கச் சொல்கிறார்கள். இதுவும் கிராணி அண்ணன் கதைதானா?

பழைய சங்கத்துக்காரன்

இல்லை மண்டோர், உம் கையில் இன்னொரு சீட்டு இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 60எம் பிரிவைப் படியும். வெளிநாட்டவரை வைப்பதற்காக உள்நாட்டுத் தொழிலாளியை நீக்கக் கூடாது என்கிறது. அடுத்த பிரிவான 60என், ஆட்குறைப்பு என்று வந்தால் அதே வகை வேலையில் இருக்கும் வெளிநாட்டவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்கிறது. அந்த ஆள் மீது பாய வேண்டாம். அவனும் கடன்பட்டு வந்தவன்தான். யார், எப்போது, என்ன சொல்லிப் பழக்கச் சொன்னார் என்று எழுதி வையும். நீக்கக் கடிதம் வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போம். சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் முதலில் சங்கத்துக்கு.

தராசுக் கிராணி (பகாவ்)

ஐயா, அப்படியானால் எனக்கு ஒரு பிடியும் இல்லையா? எனக்கு வந்திருப்பவர் உள்ளூர்ப் பையன்தான். நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானா?

பழைய சங்கத்துக்காரன்

இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்குறைப்பு என்றால் ஆள் மிகுதியாகிவிட்டது என்று பொருள். தண்டனையாக இல்லாமல், தேவைக்கு மேற்பட்ட ஆளை விடுவிப்பது. 1997இல் பாலசிங்கம் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நிர்வாகம் நல்லெண்ணத்தோடு செய்ததா என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. இப்போது யோசியுங்கள். உங்கள் வேலை மிகுதியாகிவிட்டதென்றால், அதே வேலையை இன்னொருவருக்கு ஏன் பழக்குகிறார்கள்? வேலை அங்கேயே இருக்கிறது. ஆள் மட்டும் மாறுகிறார். நீங்கள் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு நாளும், அந்த வேலை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவர்களே தருகிற சாட்சி.

1981இல் கூன் குவீ போய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இன்னொன்றைச் சொன்னது. முதலாளி ஒரு காரணத்தைச் சொல்லி நீக்கினால், அந்தக் காரணம் உண்மையா என்பதைத்தான் நீதிமன்றம் ஆராயும். பிறகு வேறு காரணத்தைத் தேடி ஓட முடியாது. ஆகவே கடிதத்தில் என்ன எழுதுகிறார்களோ அதில் அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே மறுக்க வேண்டாம். கேளுங்கள். "இளைஞருக்குப் பயிற்சி கொடுக்கத் தயாராக இருக்கிறேன். என் பொறுப்பில் என்ன மாற்றம், எவ்வளவு காலம் பயிற்சி, அதற்குப் பின் என் பதவி என்ன என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவுதான் கடிதம். இதில் கீழ்ப்படியாமை எங்கே இருக்கிறது?

அதன் பிறகு ஆட்குறைப்புக் கடிதம் வந்தால், 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்கீழ், வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். 2021 முதல் அமைச்சரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. வென்றால் 24 மாதம் வரை பழைய சம்பளம் கிடைக்கக்கூடும். காலம் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

முள்வேலி

ஐயா, இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாமே. நான் வீணாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் மீனாள்

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். "அவமானப்படுத்துகிறார்கள், நானே விலகிவிட்டு அது கட்டாய வெளியேற்றம் என்று வாதாடுகிறேன்" என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நம்ப வேண்டாம். 1988இல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் கடுமையானது. முதலாளி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறினார் என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். காலம் தாழ்த்தாமல் வெளியேறியிருக்கவும் வேண்டும். பயிற்சி கொடு என்று சொன்னது மட்டும் அந்த அளவுக்கு எட்டாது. சம்பளத்தைக் குறைத்தாலோ, கிராணியைப் புல்வெட்ட அனுப்பினாலோ பேச்சு வேறு.

இரண்டாவது, கணினிக் கோப்புகளில் கை வைக்காதீர்கள். கடவுச்சொல்லை மாற்றுவது, பழைய செக்ரோலை அழிப்பது எல்லாம் அவர்களுக்கு நீங்களே கட்டித் தருகிற வழக்கு. நீல நோட்டுப் புத்தகம் உங்கள் சொந்தக் குறிப்பு என்று நினைக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் வேலைக்காக எழுதியதை நிறுவனம் தனது என்று சொல்லும். ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

காரணம் கோரும் கடிதம் வந்தால் கட்டாயம் பதில் எழுதுங்கள். உள்விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள். போகாமல் இருந்துவிட்டு, கூப்பிடவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. விசாரணைக் காலத்தில் இரண்டு வாரம் வரை இடைநீக்கம் செய்யலாம். ஆனால் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

தராசுக் கிராணி (பகாவ்)

நடந்ததை எழுதுகிறேன். ஐயா சொன்ன கடிதத்தை அப்படியே மலாயில் எழுதிக் கொடுத்தேன். மானேஜர் முகம் கறுத்தது. "இவ்வளவு நாள் குடும்பமாக இருந்தோம், எதற்குக் கடிதமெல்லாம்" என்றார். அந்தக் குடும்பத்தில் எனக்கு என்ன முறை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. பயிற்சிக் காலம் என்று தேதி போட்டிருந்தார்கள். என் பதவியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பயிற்சி முடிந்து பத்து நாளில் ஆட்குறைப்புக் கடிதம். காரணம், நிறுவைப் பணி கணினிமயமானதால் பதவி தேவையற்றதாகிவிட்டதாம். அதே பதவியில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான். எட்டு வார முன்னறிவிப்பு, 20 நாள் கணக்கு எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கணக்கை நானே சரிபார்த்துவிட்டேன். இந்த ஆபீசில் அதைச் சரிபார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

தோட்டப் பணியாளர் சங்கத்திலும் பேசினேன். 20ஆம் பிரிவுப் புகாருக்குத் துணை நிற்பதாகச் சொன்னார்கள். வீட்டைப் பற்றித்தான் கவலை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைக்கு இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.

போர்ட்டிக்சன் அக்கா

வீட்டுக்கு அவகாசம் கேட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள், தேர்வு அட்டவணையையும் இணைத்து. வாயால் கேட்டால் மறந்துபோவார்கள்.

கிள்ளான் மீனாள்

கடிதத்தில் ஆட்குறைப்பு என்று இருக்கிறது. இதை வைத்துக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாள். தொழிலுறவு இலாகாவுக்கும் 60 நாள்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு மனு. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதும் ஆகிவிட்டது என்று இருந்து ஏமாந்தவர்கள் உண்டு. அலவன்ஸ் ஓடும் காலத்தில் வேலை தேடுவதை மாதந்தோறும் காட்ட வேண்டும். சீக்கிரமே வேலை கிடைத்துவிட்டால், மிச்சமிருக்கும் தொகையில் 25 விழுக்காடு மொத்தமாகக் கிடைக்கும். அதனால் வேலை கிடைத்ததை மறைக்க வேண்டியதில்லை.

தற்காலிக ஊழியன்

எனக்குப் பழக்கிய கிராணிக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். அவருக்கு இன்னும் கடிதம் வரவில்லை.

குலை மண்டோர்

கிராணி அண்ணே, சிரம்பான் எப்போது போகிறீர்கள்? எனக்கும் தொழிலாளர் இலாகாவில் வேலை இருக்கிறது. என் காடியில் போகலாம், எண்ணெய்ச் செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம்.

தராசுக் கிராணி (பகாவ்)

வேலை முடிகிற மறுநாள் காலை ஏழு மணிக்கு, பகாவ் பஸ் நிலையத்தில். சங்கக் கடிதத்தின் அசலையும் இரண்டு நகலையும் எடுத்துக்கொண்டு வாரும் மண்டோர். அங்கே நகல் எடுக்கும் கடையில் கூட்டம் தாங்காது.